வேலையின்மை விகிதம் குறைந்தால் பொருளாதாரம் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

சாரல்:
வேலையின்மை விகிதம் இறங்கியிருக்கிறது என்று செய்தி வந்தாலே, நாடு தேறிவிட்டது என்று ஒரு தரப்பும் எல்லாம் பொய்க்கணக்கு என்று இன்னொரு தரப்பும் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இரண்டிலுமே திருப்தி இல்லை. என் தம்பி ரொம்ப நாளாக வேலை தேடிப் பார்த்துவிட்டு, இப்போது சலித்துப்போய் விண்ணப்பம் போடுவதையே நிறுத்திவிட்டான். அவன் இந்தக் கணக்கில் எங்கே வருகிறான்? இந்த எண் குறைவதை வைத்து ஒரு நாட்டைப் பற்றி உறுதியாக என்னதான் சொல்ல முடியும்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்குங்கள், கட்சிச் சண்டை வேண்டாம்.

கூட்டல்கழித்தல்:
உங்கள் தம்பி வேலையில்லாதவர் கணக்கிலேயே வரமாட்டார். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி ஒருவரை வேலையற்றவர் என்று எழுத மூன்று விஷயம் சேர்ந்து இருக்க வேண்டும்: வேலை இருக்கக் கூடாது, கிடைத்தால் உடனே சேரத் தயாராக இருக்க வேண்டும், அண்மையில், அதாவது பெரும்பாலும் கடந்த 4 வாரத்துக்குள், தேடியும் இருக்க வேண்டும். தேடுவதை விட்டவர் தொழிலாளர் படைக்கே, அதாவது வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த தொகைக்கே, வெளியே போய்விடுகிறார். ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர் எல்லாரும் இருக்கிற அதே பகுதியில் அவரும் சேர்ந்துவிடுவார்.

இதனால் என்ன ஆகிறது என்று போட்டுப் பாருங்கள். வேலை செய்யும் வயதில் 1000 பேர். 540 பேர் வேலையில், 60 பேர் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆக தொழிலாளர் படை 600, வேலையின்மை 10 சதவீதம். தேடுபவர்களில் 24 பேர் மனம் விட்டு ஒதுங்கிவிட்டால் 576-க்கு 36, அதாவது 6.25 சதவீதம். ஒருவருக்குக்கூட புதிதாக வேலை கிடைக்கவில்லை, ஆனால் தலைப்புச் செய்தி பிரமாதமாக இருக்கும். இப்போது நிஜமாகவே நிலைமை தேறி 20 பேருக்கு வேலை கிடைக்கிறது, அதைப் பார்த்து ஒதுங்கிய 24 பேரும் திரும்பித் தேட வருகிறார்கள் என்றால் 600-க்கு 40 பேர், 6.67 சதவீதம். வேலை கூடியிருக்கிறது, விகிதமும் ஏறியிருக்கிறது!

அமெரிக்காவில் 2009 அக்டோபரில் 10 சதவீதமாக இருந்த வேலையின்மை 2015 கடைசியில் 5-க்கு வந்தது. அதே காலத்தில் பங்கேற்பு விகிதம், அதாவது வயது வந்தவர்களில் தொழிலாளர் படைக்குள் இருப்பவர்களின் சதவீதம், 65-இலிருந்து 62 சொச்சத்துக்கு இறங்கியது. வயதானவர்கள் ஓய்வு பெற்றது அதில் ஒரு பெரிய காரணம்தான், ஆனால் முழுக் காரணம் இல்லை. பொய்க்கணக்கு என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். தேடுவதை நிறுத்தியவர்களையும், முழுநேர வேலை கிடைக்காமல் பகுதிநேரத்தில் இருப்பவர்களையும் சேர்த்து அமெரிக்க அரசே ஒரு விரிந்த அளவை வெளியிடுகிறார்கள், யூ-6 என்று பெயர். 2009 அக்டோபரில் அது 17 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மறைத்து வைக்கவில்லை, நாம்தான் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

களப்படிவம்:
மேலே சொன்னது யார் கணக்கிலிருந்து விழுகிறார்கள் என்பது. யார் உள்ளே வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நான் வீடுவீடாகப் போய் இந்த மாதிரி கணக்கெடுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு அம்மாவிடம் வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்றார். போன 7 நாளில் ஒரு மணி நேரமாவது கூலிக்கோ லாபத்துக்கோ ஏதாவது செய்தீர்களா என்று அடுத்த கேள்வியைப் படித்தேன். யோசித்துவிட்டு, இரண்டு பேருக்குத் துணி தைத்துக் கொடுத்தேன், அதெல்லாம் வேலையா என்று கேட்டார். விதிப்படி வேலையில் இருப்பவர் என்றுதான் எழுத வேண்டும், எழுதினேன். காலை முதல் மாலை வரை மாதச் சம்பளத்துக்கு உழைப்பவரும் அவரும் அந்தக் கட்டத்தில் ஒன்றுதான்.

ஒரு மணி நேர விதியில் நியாயம் உண்டு, சின்னச் சின்ன உழைப்பும் விட்டுப்போகாமல் பதிவாக வேண்டும் என்பதற்காக வைத்தது. எத்தனை மணி நேரம், இன்னும் கூடுதலாக வேலை வேண்டுமா என்றெல்லாம் படிவத்தில் அடுத்தடுத்து கேள்விகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பதில்கள் செய்தியில் வருவதே இல்லை, எனக்கு அதுதான் ஆற்றாமை.

சேமிப்பும் அரசு உதவித்தொகையும் இல்லாத இடத்தில் சும்மா உட்கார்ந்து நல்ல வேலை தேட யாருக்கு முடியும்? கிடைத்ததைச் செய்தாக வேண்டும். கம்போடியாவில் வேலையின்மை விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே, ஸ்பெயினில் பல வருடங்கள் அது 10-க்கு மேலேயே இருந்தது. இதை வைத்து கம்போடியா வளமான நாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மறுகரை:
இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் படிப்பவர்கள் இந்த எண்ணே வீண் என்று நினைத்துவிடக் கூடாது. பங்கேற்பு குறையாமல் விகிதம் மட்டும் இறங்கினால் அது உண்மையிலேயே நல்ல செய்தி, அதுவும் கீழ்மட்டத்தில் இருப்பவர்களுக்கு. 2021 கடைசியில் அமெரிக்காவில் மாதத்துக்கு வேலையில் இருப்பவர்களில் 3 சதவீதம் பேர் தாங்களாகவே வேலையை விட்டார்கள், வேறு இடம் கிடைக்கும் என்ற தெம்பில்தான் பெரும்பாலும் இப்படி விடுவார்கள். குறைந்த சம்பளக்காரர்களின் ஊதியம் மற்றவர்களைவிட வேகமாக ஏறியது. 2023 ஜனவரியில் வேலையின்மை 3.4 சதவீதம், 1969-க்குப் பிறகு அவ்வளவு குறைவு அப்போதுதான். சரி, அதற்கு நடுவே 2022 ஜூனில் பணவீக்கம் 9 சதவீதத்தைத் தாண்டி அந்த ஊதிய உயர்வில் பெரும்பங்கைத் தின்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இது பின்தங்கி வரும் எண். அமெரிக்க மந்தநிலை 2009 ஜூனில் முடிந்தது, வேலையின்மை உச்சத்துக்குப் போனது அக்டோபரில். நிறுவனங்கள் முதலில் இருக்கிற ஆட்களுக்கே கூடுதல் நேரம் கொடுக்கும், நிலைமை நிலைக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் புது ஆள் எடுக்கும். அதேபோல 2007 மே மாதத்தில் 4.4 சதவீதம் என்று அழகாக இருந்தது, அந்த டிசம்பரிலேயே மந்தம் தொடங்கிவிட்டது. எனவே இந்த எண் நேற்றைய நிலைமையைத்தான் சொல்லும், வரப்போவதைச் சொல்லாது.

மத்திய வங்கிகளுக்கே இதில் அனுபவம் உண்டு. 2012 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், வேலையின்மை 6.5-க்கு மேல் இருக்கும்வரை வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டியே வைப்போம் என்று அறிவித்தது. எண் மளமளவென்று அந்த எல்லையை நெருங்கியது, ஆனால் ஊதியம் அசையவில்லை. ஜேனட் யெல்லன் தலைவரான பிறகு நடந்த முதல் கூட்டத்தில், 2014 மார்ச்சில், அந்த எல்லையையே எடுத்துவிட்டு பல அளவுகளைச் சேர்த்துப் பார்ப்போம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

சாரல்:
ரொம்ப நன்றி. என்னைப் போன்றவர்கள் அத்தனையையும் பார்க்க முடியாது. கூடவே ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது?

கூட்டல்கழித்தல்:
25 முதல் 54 வயதுக்குள் இருப்பவர்களில் எத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். படிக்கிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் பெரும்பாலும் இதில் வரமாட்டார்கள், தேடுவதை விட்டவர் இங்கே ஒளியவும் முடியாது. வேலை தரமானதா, எத்தனை மணி நேரம் என்பதை இதுவும் சொல்லாது, அதற்குக் களப்படிவம் சொன்ன கேள்விகள்தான் வேண்டும். அமெரிக்காவில் 2007 டிசம்பரிலும் 5 சதவீத வேலையின்மை, 2015 டிசம்பரிலும் 5 சதவீதம். ஆனால் இந்த வயதினரில் வேலையில் இருந்தவர்கள் முதலில் ஏறக்குறைய 80 சதவீதம், பின்னதில் 77 சொச்சம். அது மறுபடி 80-ஐத் தொட்டது 2019-இல்தான்.