பெரியம்மாகிட்ட ரெக்கார்டர நீட்டுன அன்னைக்கு

ரொம்ப நாளா எழுதணும்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தது இது. நான் பந்தலூர் பக்கம், சிலோன்காரங்க குடும்பம். 1964ல இலங்கை பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அங்க இருந்த இந்திய வம்சாவளி தோட்டத் தமிழருங்கள்ல 5,25,000 பேர இந்தியா ஏத்துக்கணும்னு எழுதுனாங்கல்ல, அந்தக் கணக்குல வந்தவங்கதான் நாங்க, எங்காளுங்களுக்கு வேல குடுக்கத்தான் 1968ல டேன்டீங்கற தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டமே ஆரம்பிச்சாங்க. பேப்பர்ல நாங்க அகதி இல்ல, தாயகம் திரும்பியோர். ஆனா எங்க பெரியம்மா கப்பல் ஏறுனது 83 ஜூலையில இலங்கையில தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்துல லயத்த, அதான் தோட்டத்து வரிச வீட்ட, கொளுத்துனதுக்கு அப்புறம். அவங்க திரும்பி வந்தவங்களா தப்பிச்சு ஓடி வந்தவங்களான்னு எந்தக் கார்டும் சொல்லாது.

சில வருஷம் முன்னாடி ஆராய்ச்சி பண்றேன்னு ஒருத்தர் வந்தாரு, நான்தான் கூட்டிட்டுப் போனேன். பெரியம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கல, நம்ம பெரியம்மாதானேன்னு. அவங்க முறத்துல அரிசி பொடச்சிட்டு இருந்தாங்க. உக்காந்த உடனே ரெக்கார்டர ஆன் பண்ணி "வீட்ட எரிச்சப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டாரு. பெரியம்மா கை அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் கொஞ்சம் சொன்னாங்க, முன்ன பின்ன மாறி மாறி வந்துச்சு, அவரு நோட்ட பாத்துட்டு "முதல்ல ராத்திரின்னீங்க, இப்ப விடியக்காலங்கறீங்க"ன்னாரு. "நான் பொய் சொல்றேனா தம்பி"ன்னு கேட்டாங்க பாருங்க, அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. பயந்து ஓடுன ராத்திரி நெறைய பேருக்கு வரிசையா ஞாபகம் வராது, துண்டு துண்டாத்தான் வரும், அது பொய் இல்ல. இதப் படிக்காம எப்படி இந்த வேலைக்கு வர்றாங்க? அன்னைக்கு விடிய விடிய அடுப்படியிலயே உக்காந்திருந்தாங்களாம், அண்ணி போன் பண்ணி என்ன ஏசுனாங்க. ஏசுனது சரிதான்.

அப்புறம் இதே மாதிரி கேட்டு எழுத ஒரு பொண்ணு வந்துச்சு. இந்தத் தடவ முன்னாடியே பெரியம்மாகிட்ட கேட்டேன். மொத நாள் அந்தப் பொண்ணு ரெக்கார்டரே எடுக்கல, கூட உக்காந்து அவரைக்கா உரிச்சுக் குடுத்துச்சு. எதுக்குக் கேக்கறேன், எங்க வரும், புடிக்கலன்னா பாதியில நிறுத்திக்கலாம், அப்புறமா வேணாம்னாலும் எடுத்துடுவேன், இதனால வீடோ பணமோ கெடைக்காது, எல்லாத்தையும் வெளிப்படையா சொல்லுச்சு. மூணாவது தடவதான் பெரியம்மா தானா சொன்னாங்க, ரெண்டு ராத்திரி புள்ளையோட தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தத. பொழுது சாஞ்சா பெரியம்மா தேயிலைக்குள்ள கால் வெக்க மாட்டாங்க, சின்ன வயசுலருந்து பாக்கறேன், சிறுத்தைக்குப் பயம்னு நெனச்சுட்டு இருந்தேன்.

முடிக்கறப்ப அந்தப் பொண்ணு பேச்ச ஊருக்குக் கொண்டாந்துச்சு, இங்க வந்து மொதல்ல நட்ட பலா மரம், மருமக, பேரன்னு. அப்படியே எந்திரிச்சுப் போகல. எழுதுனத பின்னாடி வந்து படிச்சுக் காட்டுச்சு, பெரியம்மா இலங்கையில இருந்த தோட்டத்து பேர எடுக்கச் சொன்னாங்க, அவங்க தம்பி இன்னும் அங்கதான் இருக்காரு. எடுத்துடுச்சு.

பதில்: நான் கோத்தகிரி, அகதி முகாம் ஆளுங்களுக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கேன். அங்க பேட்டிக்கு சம்மதம்னு கையெழுத்து கேட்டா எல்லாரும் போட்டுடுவாங்க, மாட்டேன்னா முகாம் பதிவுல பிரச்சன வருமோன்னு பயம். அது சம்மதம் இல்லங்க. மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து நோட்ட தெறந்தாலே விசாரணை மாதிரிதான் அவங்களுக்கு, ஏற்கனவே எத்தன விசாரணை பாத்தவங்க. கதவுப் பக்கம் அவங்கள உக்கார வெக்கச் சொல்லுவேன், எந்திரிச்சுப் போக வழி இருக்கணும். பெரியம்மா நல்லாருக்காங்களா?

பதில்: நல்லாருக்காங்கக்கா. போன மாசம் ஒரு சேனல்லருந்து கூப்டாங்க, கலவரத்த பாத்தவங்க வேணும், கொஞ்சம் உணர்ச்சிகரமா பேசணும்னு. பெரியம்மாகிட்ட கேட்டேன். "வேணாம்யா, நல்லா தூங்கிட்டு இருக்கேன்"னாங்க. முடியாதுன்னு சொல்லிட்டேன்.