செல்போன் பறிப்பு: எந்தப் பிரிவு பொருந்தும்? சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். போன வாரம் என் தங்கையின் கையிலிருந்து செல்போனைப் பைக்கில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் விடாமல் பிடித்திருந்ததால் இழுத்துத் தள்ளியதில் கீழே விழுந்து முழங்கையில் நல்ல அடி. இரண்டு தையல் போட்டோம்.

புகார் கொடுத்து எஃப்ஐஆர் நகலும் வாங்கிவிட்டோம். ஆனால் அதில் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 303(2), அதாவது சாதாரணத் திருட்டு என்றுதான் இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

நான் படித்துப் பார்த்தவரை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தில் பறிப்புக்கென்றே தனியாக 304 இருக்கிறது. தண்டனை என்னவோ திருட்டைப் போலவே மூன்று ஆண்டு வரைதான். ஆனால் திருடும்போதோ பொருளோடு தப்பும்போதோ வேண்டுமென்றே காயப்படுத்தினால் அது 309-ன் கீழ் கொள்ளையாகிறது. பத்து ஆண்டு வரை கடுங்காவல், காயம் ஏற்படுத்தியிருந்தால் ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். வித்தியாசம் எவ்வளவு பெரியது பாருங்கள்!

என் சந்தேகம் இதுதான். இழுபறியில் விழுந்து பட்ட அடியை 'வேண்டுமென்றே ஏற்படுத்திய காயம்' என்று எடுத்துக்கொள்வார்களா? பிரிவை மாற்றச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது, விசாரணை அதிகாரியிடமா, எஸ்.பி. அலுவலகத்திலா, நேராக மாஜிஸ்திரேட்டிடமா? தையல் போட்ட மருத்துவமனைச் சீட்டு கையில் இருக்கிறது, அது போதுமா?

அவள் இன்னும் தனியாக வெளியே போகப் பயப்படுகிறாள். இப்படி ஒரு வழக்கை நடத்திய வக்கீல்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.