வினிகரில் தண்ணீர் கலக்கலாமா? (மொட்டைமாடி முருகுவுக்குப் பதில்)

கல்லுப்பு:
நேற்று "மாடியில் காய்த்த வெள்ளரி" இழையில் முருகு எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. "ஒரு டம்ளர் வினிகர், ஒரு டம்ளர் தண்ணீர், உப்பு, சர்க்கரை. கொதிக்கவைத்துக் காய்மேல் ஊற்றி மூடினால் ஆறு மாதம் அலமாரியிலேயே கிடக்கும், ஒன்றும் ஆகாது" என்று போட்டிருக்கிறார். அதற்கு 41 பேர் கைதட்டல் வேறு. அங்கேயே பதில் சொன்னால் பொறாமைக்காரன் என்பார்கள். அதனால் தனி இழை.

நம் ஊர் மளிகைக் கடையில் வாங்கும் வெள்ளை வினிகரில் புளிப்பு, அதாவது அசிட்டிக் அமிலம், பெரும்பாலும் 4 சதவீதம். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும். சரிபாதி தண்ணீர் ஊற்றினால் 2. அப்புறம் வெள்ளரி போடுகிறீர்கள். அதில் 100க்கு 95 பங்கு தண்ணீர். காய் தன் தண்ணீரை விட்டுப் புளிப்பை இழுத்துக்கொள்ளும். ஜாடியில் பாதி காய் என்றால் கடைசியில் நிற்பது 1 சதவீதம். இதை நம்பி ஆறு மாதமா?

தண்ணீர் சேர்க்காதீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

மொட்டைமாடி_முருகு:
வாங்க சார், உங்களைத்தான் காணோமே என்று பார்த்தேன். நாலு வருஷமாக இதே அளவில்தான் போடுகிறேன். வெள்ளரி, கேரட், பீன்ஸ், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், எல்லாம் என் தொட்டியில் காய்த்தவை. வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறோம், அக்கம்பக்கத்தில் எட்டு வீட்டுக்குக் கொடுக்கிறேன். யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கணக்கு நோட்டில் போடுவது வேறு, ஜாடியில் போடுவது வேறு.

வந்தேன்_பார்த்தேன்:
பக்கத்து வீட்டுக்காரர்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தீர்களா அண்ணா?

கல்லுப்பு:
முருகு, ஹெல்மெட் போடாமல் நாலு வருஷம் வண்டி ஓட்டினேன், இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பது மாதிரி இருக்கிறது உங்கள் வாதம்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கெர்கின் ஏற்றுமதி ஆலையில் 22 வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். விரல் நீள வெள்ளரிப் பிஞ்சு பீப்பாய் பீப்பாயாக வெளிநாடு போகும். ஒவ்வொரு பீப்பாயிலும் புளிப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அளந்து கையெழுத்துப் போட்டவன். யாரிடம் கணக்கு பேசுகிறீர்கள்?

மொட்டைமாடி_முருகு:
வந்துவிட்டது 22 வருஷம்! போன வருஷம் செடிக்கு ஊற்றும் மீன் அமிலம் பற்றிய இழையிலும் இதே 22 வருஷம் வந்தது. மீன் அமிலத்துக்கும் கெர்கினுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குக் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை.

ஸ்கார்பரோ_மாமி:
நான் கனடாவில் இருக்கிறேன். இங்கே கடையில் சாதாரண வெள்ளை வினிகரே 5 சதவீதம். அமெரிக்கக் குறிப்புகள் எல்லாம் அந்த 5ஐ வைத்து எழுதியவை. பீன்ஸுக்கு 4 கப் வினிகர், 4 கப் தண்ணீர் என்று அங்கேயே இருக்கிறது, ஆக சரிபாதி தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் பாட்டிலை மூடியபிறகு கொதிக்கிற தண்ணீரில் முக்கி வேறு எடுப்பார்கள். முருகு அதைப் படித்து நாலு சதவீத வினிகரில் செய்கிறாரோ?

மொட்டைமாடி_முருகு:
பார்த்தீர்களா சார், அமெரிக்காக்காரனே சரிபாதி என்கிறான்!

கல்லுப்பு:
அவன் 5. நீங்கள் 4. அவன் பாட்டிலை வேகவைக்கிறான், நீங்கள் அலமாரியில் வைத்துக் கும்பிடுகிறீர்கள். மாமி சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் சேர்க்காதீர்கள்.

சுன்னாகம்_சுதா:
எங்கட யாழ்ப்பாணப் பக்கம் இதை வினாகிரி என்றுதான் சொல்லுவோம். அச்சாறு போடும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று அம்மம்மா அடிக்காத குறை. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கரட்டும் போஞ்சியும் கழுவி, சுளகில் பரப்பி, ஈரம் போகக் காயவிட்டுத்தான் போத்தலில் போடுவா. கடுகை வினாகிரி விட்டு அம்மியில் அரைப்பா. அரைக்கும்போது அந்தக் காரம் மூக்கில் ஏறி, முற்றத்தில் நிற்கிற எங்களுக்கும் கண்ணீர் வரும். தென்னங்கள்ளில் எடுத்த வினாகிரி என்றால் வாசமே வேறு. அண்ணை சொல்வது சரி.

மொட்டைமாடி_முருகு:
அக்கா, கள்ளு வினிகர் எல்லாம் இங்கே எங்கே கிடைக்கும்? அச்சாறு வேறு, நான் போடுவது வேறு. நான் போடுவதில் கடுகு அரைப்பதே இல்லை.

வந்தேன்_பார்த்தேன்:
வினிகருக்குத் தமிழில் காடி என்று ஒரு சொல் இருக்கிறது. தமிழ் மன்றத்தில் வினிகர், வினிகர் என்று எழுதுகிறீர்கள், வெட்கமாக இல்லையா?

சுன்னாகம்_சுதா:
காடி என்றால் எங்கட பக்கம் புளித்த கஞ்சியைத்தான் நினைப்பினம். வினாகிரி என்பதில் என்ன குறை? போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல், ஜன்னலும் அலமாரியும் மாதிரி.

வந்தேன்_பார்த்தேன்:
அலமாரியை எடுத்துவிட்டால் முருகு அண்ணா ஜாடியை எங்கே வைப்பார்?

நீலகிரி_கேரட்:
ஒரு சின்னக் கேள்வி. "கெடாது" என்று எல்லாரும் சொல்கிறீர்களே, கெடுவது என்றால் எது? மேலே வெள்ளையாக ஏடு படிவதா, காய் நொறுநொறுப்பு இல்லாமல் கொழகொழ ஆவதா, இல்லை விஷமாவதா? மூன்றும் வேறு வேறு அல்லவா? பி.எச் (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் பொட்டுலிசம் என்ற உணவு விஷத்தை உண்டாக்கும் கிருமி வளராது என்று படித்திருக்கிறேன். கொழகொழப்புக்கு அது மட்டும் போதாது, வெள்ளரியின் பூ முனையை மெலிதாக நறுக்கிப் போடவேண்டும், அங்கேதான் காயை மெத்தென்று ஆக்கும் என்சைம் இருக்கிறது. இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசுகிற மாதிரி தெரிகிறது.

கல்லுப்பு:
எல்லாம் ஒன்றுதான் தம்பி. தண்ணீர் ஊற்றினால் மூன்றும் வரும்.

மொட்டைமாடி_முருகு:
எனக்கு மூன்றும் வரவில்லை. நல்லவேளை 4.6 பற்றிச் சொன்னீர்கள். இப்போதே என் பையனின் பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்து லிட்மஸ் தாளை எடுத்து ஜாடியில் முக்கினேன். நீலத் தாள் பளிச்சென்று சிவப்பானது. அமிலம் இருக்கிறது. கேஸ் முடிந்தது.

கல்லுப்பு:
ஐயோ முருகு! லிட்மஸ் அமிலமா காரமா என்று மட்டும்தான் சொல்லும். பாலில் முக்கினால்கூட லேசாகச் சிவக்கும். 3க்கும் 5க்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. அதற்கு எண் போட்ட பி.எச் தாள் வேண்டும், இல்லை மீட்டர் வேண்டும். அதையும் ஊறுகாய்த் தண்ணீரில் மட்டும் முக்கிப் பார்த்துப் பயன் இல்லை. காயை எடுத்து அரைத்துப் பார்க்கவேண்டும். நாங்கள் ஆலையில் அப்படித்தான் செய்வோம். மேலே புளிப்பாக இருக்கும், பீன்ஸுக்கு உள்ளே ஏறியிருக்காது.

இன்னொன்று. விற்பனைக்குப் போடும் வினிகர் ஊறுகாய்க்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியே குறைந்தது 2 சதவீதம் புளிப்பு கேட்கிறது. காய் ஊறி முடித்த பிறகு அந்த 2 இருக்கவேண்டும். உங்கள் ஜாடியில் 1. எத்தனை தடவை சொல்வது? தண்ணீர் சேர்க்காதீர்கள்.

மொட்டைமாடி_முருகு:
நான் கடையா வைத்திருக்கிறேன்? விற்பனைக்கு உள்ள விதியை என் அடுப்படியில் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். சுத்த வினிகரில் போட்டால் வாயில் வைக்க முடிகிறதா? என் மனைவி ஒரு கேரட் துண்டைக் கடித்துவிட்டு ஒரு கண்ணை மூடியபடியே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடத்தானே போடுகிறோம்?

ஸ்கார்பரோ_மாமி:
அதற்குச் சர்க்கரை கூட்டிக்கொள்ளலாமே. புளிப்பு குறையாது, நாக்குக்கு மட்டும் தணிவாக இருக்கும். இல்லையென்றால் தண்ணீர் ஊற்றுங்கள், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். அலமாரி வேண்டாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கல்லுப்பு:
மாமி, நீங்கள் சமாதானம் பேசாதீர்கள். அவர் எழுதியது ஃபிரிட்ஜ் இல்லை, அலமாரி. ஆறு மாதம். 41 கைதட்டல்.

மொட்டைமாடி_முருகு:
ஓஹோ, கைதட்டல்தான் உறுத்துகிறதா? இப்போது புரிகிறது.

கல்லுப்பு:
என் தோசைக்கல் பதிவுக்கு 90 வந்தது. உங்கள் 41ஐ யார் பார்த்தார்கள்?

பாட்டி_வைத்தியம்:
எதற்கு இந்த வினிகர்? வடுமாங்காய்க்கு என் பாட்டி வினிகரா ஊற்றினாள்? உப்பு போட்டுக் குலுக்கி வைப்பாள், தானாகத் தண்ணீர் விட்டு ஒரு வருஷம் இருக்கும். நார்த்தங்காயும் அப்படித்தான். இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்.

சுன்னாகம்_சுதா:
எங்கட அம்மம்மா வெள்ளைக்காரியா?

கல்லுப்பு:
வடுமாங்காயே புளிக்கிற காய், அம்மா. உப்பும் அள்ளிப் போடுவார்கள். வெள்ளரிக்கும் பீன்ஸுக்கும் சொந்தப் புளிப்பு கிடையாது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா, உங்கள் பாட்டியும் தண்ணீர் ஊற்றவில்லை!

பாட்டி_வைத்தியம்:
என் பாட்டியை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

நீலகிரி_கேரட்:
முருகு அண்ணா, அந்த இழையில் நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜாடிக்குள் பூண்டு நீலமாக இருக்கிறதே?

கல்லுப்பு:
நீலமா! எங்கே, பார்க்கிறேன். ஆமாம், மூன்று பல் மயில்கழுத்து நிறத்தில் இருக்கிறது. இதைத்தான் எட்டு வீட்டுக்குக் கொடுத்தாரா?

ஸ்கார்பரோ_மாமி:
அது ஒன்றும் செய்யாது சார். பூண்டில் உள்ள கந்தகச் சத்து புளிப்பில் பட்டால் அப்படி நீலமாகவோ பச்சையாகவோ மாறும். சாப்பிடலாம். உங்களுக்குத் தெரியாததா?

கல்லுப்பு:
தெரியும். 22 வருஷம் பார்த்திருக்கிறேன். தெரியாத மாதிரி எழுதினேனா? நிறத்தைச் சொன்னேன், விஷம் என்று சொன்னேனா? பேச்சை மாற்றாதீர்கள். பேச்சு தண்ணீரைப் பற்றி.

மொட்டைமாடி_முருகு:
பூண்டு விஷயத்தில் மாட்டிக்கொண்டதும் பேச்சு தண்ணீரைப் பற்றி!

வந்தேன்_பார்த்தேன்:
சார், உங்கள் பெயர் கல்லுப்பு, ஆனால் போன மாதம் தூள் உப்புதான் வசதி என்று எழுதினீர்களே? தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் ஊறுகாய்த் தண்ணீர் கலங்கும் என்கிறார்களே?

கல்லுப்பு:
அது ரசத்துக்கு எழுதியது. ஊறுகாய்க்குக் கல்லுப்புதான். பழைய பதிவைத் தோண்டுவது ஒரு பிழைப்பு.

சரி முருகு, கடைசியாக ஒன்று கேட்கிறேன். நீங்கள் வாங்கும் வினிகர் எத்தனை சதவீதம்? சிலது தண்ணியாகவே வரும். "செயற்கை, அசிட்டிக் அமிலத்திலிருந்து தயாரித்தது" என்று எழுதியிருக்கும், அதன் பக்கத்தில் எண் இருக்கும். பாட்டிலைத் திருப்பிப் படம் போடுங்கள். அதுவரை உங்கள் நாலு வருஷத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

மொட்டைமாடி_முருகு:
போட்டேன், பாருங்கள். பாட்டிலும் ஜாடியும் பக்கத்தில் பக்கத்தில். பீன்ஸ் எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது, கண் இருப்பவர்கள் பார்க்கட்டும்.

நீலகிரி_கேரட்:
அண்ணா, பாட்டிலின் முன்பக்கம்தான் தெரிகிறது.

கல்லுப்பு:
திருப்புங்கள் என்றேன்.

மொட்டைமாடி_முருகு:
பின்பக்க லேபிள் ஈரத்தில் கிழிந்துவிட்டது. புது பாட்டில் வாங்கும்போது போடுகிறேன். அது சரி, 22 வருஷம் அளந்தவர், சொந்த வீட்டில் போட்ட ஜாடி ஒன்றையாவது இதுவரை காட்டியிருக்கிறீர்களா?

கல்லுப்பு:
எனக்கு மாடி கிடையாது. நான் தரைத்தளம். தண்ணீர் சேர்க்காதீர்கள்.

சுன்னாகம்_சுதா:
இதற்குள்ளே ஒன்று கேட்கட்டே? போத்தல் மூடி தகரம் என்றால் வினாகிரி பட்டுத் துருப்பிடிக்குது. நீங்கள் எல்லாரும் என்ன மூடி போடுறனீங்கள்?