ஹைலக்ஸை 2 இன்ச் தூக்கி 33 இன்ச் டயர்: சானி கணவாய்க்கு இது தேவையா?

மாரிட்ஸ்பர்க் தம்பி
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது டொயோட்டாவின் 2.8 டீசல் ஹைலக்ஸ் பிக்கப், டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை), ஃபோர் வீல் டிரைவ். வண்டியோடு வந்த டயர் 265/65 ஆர்17. செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவிலிருந்து சானி கணவாய் என்ற கரடுமுரடான மலைப்பாதை வழியாக லெசோத்தோ நாட்டுக்கு ஏற வேண்டும். அப்புறம் அவ்வப்போது கோசி பே கடற்கரை மணல் பாதை. 50 மி.மீ. சஸ்பென்ஷன் லிஃப்ட் (ஸ்பிரிங்கை மாற்றிச் சேஸியோடு வண்டியை உயர்த்துவது) போட்டு 285/70 ஆர்17, அதாவது ஏறக்குறைய 33 இன்ச் டயர், மாட்டச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். மாமா ஒருவர் பாடி லிஃப்ட் (சேஸிக்கு மேல் பாடியை மட்டும் தூக்குவது) போதும், செலவு குறைவு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

டோங்காட் வேலு
யோசிக்காதே தம்பி, கடைக்காரர் சொன்னதையே போடு. மழைக்குப் பிறகு சானியின் மேல் வளைவுகளைப் பார்த்திருக்கிறாயா? மண் அரித்துப் போய்க் கல் மட்டும் நிற்கும். வண்டியின் அடிவயிறு இடிபடாமல் ஏற உயரம் வேண்டும். என் வண்டிக்கு அதே லிஃப்ட், அதே டயர். ஒரு குறையும் இல்லை.

பீனிக்ஸ் மாலா
வேலு அண்ணா, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நான் வீல் அலைன்மென்ட் பட்டறையில் வேலை செய்கிறவள், தினமும் இந்த வண்டிகளைத்தான் பார்க்கிறேன்.

265/65 ஆர்17 டயரின் உயரம் சுமார் 776 மி.மீ. 285/70 ஆர்17 சுமார் 831. வித்தியாசம் 55. அதில் பாதிதான் ஆக்ஸிலுக்கு (இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) கீழே கிடைக்கும், அதாவது 27 மி.மீ. ஹைலக்ஸின் பின்பக்கம் ஒரே துண்டு ஆக்ஸில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அதன் நடுவில் தொங்குகிறது. நீங்கள் எவ்வளவு லிஃப்ட் போட்டாலும் அது ஒரு மயிரிழைகூட ஏறாது. டயர் மட்டும்தான் அதை உயர்த்தும். லிஃப்ட் உயர்த்துவது சேஸியை, பம்பரை, பக்கப் படியை.

அந்த 27 மி.மீ.க்காகத் தம்பி என்ன கொடுக்கிறான்? முன்பக்கம் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் எப்போதும் சாய்வாகவே சுழலும். ரப்பர் உறை சீக்கிரம் கிழிந்து கிரீஸ் வெளியே வரும். சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் சஸ்பென்ஷனின் மேல் கை ஏற்கெனவே கீழ் எல்லைக்குப் பக்கத்தில் நிற்பதால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும் தூரம் குறையும். காஸ்டர் கோணமும் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறையும், என்3 நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைபாயும். மேல் கையை மாற்றாமல், அலைன்மென்ட் பார்க்காமல் "ஒரு குறையும் இல்லை" என்று வருகிற வண்டிகளின் டயர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

டோங்காட் வேலு
மேல் கையை மாற்றியாச்சு அம்மா. சிவி சாய்வு குறைய முன் டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கும் கிட்டும் போட்டாச்சு. சரியாகச் செய்தால் சரியாக இருக்கும். பக்கப் படி கல்லில் மோதி நசுங்குவது உனக்குச் சின்ன விஷயம், காசு கொடுத்தவனுக்கு அப்படி இல்லை. வண்டியில் கேனப்பி (பின்பக்கத்து மூடு கூரை), கூரைக் கூடாரம், தண்ணீர், டீசல் எல்லாம் ஏற்றினால் கம்பெனி லீஃப் ஸ்பிரிங் (பின்பக்கத்து எஃகுப் பட்டை அடுக்கு) உட்கார்ந்துவிடும். புதுப் பிளேட் செட் போடத்தான் வேண்டும்.

பீனிக்ஸ் மாலா
சுமைக்காக ஸ்பிரிங் மாற்றுவது நியாயம். எப்போதும் சுமை இருந்தால். வாரம் முழுக்கக் காலி வண்டியில் வேலைக்குப் போகிறவன் அந்தப் பிளேட்டைப் போட்டால் முதுகு போய்விடும்.

சானி பேச்சுக்கே வருகிறேன். உச்சி 2,876 மீட்டர். சில இடங்களில் மூன்றுக்கு ஒன்று என்ற சரிவு. ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக விசையோடு போகும் கியர் வரிசை) முதல் கியரில் இன்ஜின் பிடித்துக்கொள்ள வேண்டும். டயர் 7 சதவீதம் பெரிதானால் எல்லா கியரும் 7 சதவீதம் நீளும், பிடிப்பு அந்த அளவு குறையும், பிரேக் கூடுதலாகச் சூடேறும். சமவெளியில் தெரியாது, அங்கே தெரியும். மீட்டர் 120 காட்டும்போது நீங்கள் ஏறக்குறைய 128இல் போவீர்கள், அபராதச் சீட்டு தனி.

டோங்காட் வேலு
கம்பெனி மீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். பெரிய டயர் போட்ட பிறகு ஜிபிஎஸ்ஸோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அபராதக் கதை சொல்லிப் பயமுறுத்தாதே.

சாட்ஸ்வொர்த் பெரியவர்
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சஸ்பென்ஷன் லிஃப்ட் டயருக்கு இடம் உண்டாக்காது. நிற்கும்போது இடைவெளி தெரியும், உண்மை. ஆனால் பள்ளத்தில் விழுந்து சக்கரம் முழுக்க மேலே போகும்போது, அது போய் நிற்கும் இடம் பழைய இடம்தான். பம்ப் ஸ்டாப்பை (சக்கரம் மேலே போவதைத் தடுக்கும் ரப்பர் கட்டை) நீட்டாவிட்டால் பெரிய டயர் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) உள்ளே உரசும். பாடி லிஃப்ட்டில் சேஸிக்கும் பாடிக்கும் நடுவே ஸ்பேசர் வைக்கிறோம், ஃபெண்டரே மேலே போகிறது. சிவி கோணம் மாறாது. இன்ஜினும் சேஸியும் பழைய இடத்திலேயே இருப்பதால் வண்டியின் எடை மையமும் அவ்வளவு ஏறாது. அந்தக் காலத்தில் பக்கி (பிக்கப்) வண்டிகளுக்கு இதைத்தான் செய்தோம்.

பீனிக்ஸ் மாலா
பெரியவர் சொன்ன இடைவெளிக் கணக்கு முழுக்கச் சரி. ஆனால் 33 டயர் முழுத் திருப்பத்தில் உரசும் இடங்களில் ஒன்று சக்கரத்துக்குப் பின்னால் பாடியைத் தாங்கி நிற்கும் பாடி மவுண்ட். அது சேஸியோடு பற்றவைத்தது, ஸ்பேசர் வைத்தால் நகராது. அதை வெட்டிப் பற்றவைக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டை நீட்ட வேண்டும், ரேடியேட்டர் மேலே போய் ஃபேன் கீழே நிற்கும், டீசல் ஊற்றும் குழாய் இழுபடும், பம்பருக்கு மேலே இடைவெளி பல்லைக் காட்டும். பழைய வண்டியில் இவ்வளவும் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். இன்றைய வண்டியில், அதுவும் வாரண்டி மிச்சம் இருக்கும்போது, நான் கை வைக்க மாட்டேன். ஹெட்லைட் வேறு மேலே ஏறி எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும், அதை இறக்கிச் சரிசெய்ய முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

மாரிட்ஸ்பர்க் தம்பி
தலை சுற்றுகிறது அக்கா. வாரண்டி இன்னும் இருக்கிறது. வேறு வழி?

பீனிக்ஸ் மாலா
265/70 ஆர்17, ஆல் டெரெய்ன் (தார்ச் சாலைக்கும் கரட்டுப் பாதைக்கும் ஏற்ற டயர்), பக்கச்சுவர் தடிமனானது. உயரம் 803 மி.மீ., ஆக்ஸிலுக்கு 13 மி.மீ. கிடைக்கும், பெரும்பாலும் லிஃப்ட் இல்லாமலே உட்கார்ந்துவிடும். அடிவயிற்றுக்கு ஒரு நல்ல எஃகுத் தகடு. கணவாய்ப் பக்கத்து ஊரான அண்டர்பர்க்கிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தினமும் சானி ஏறும் வண்டிகளைப் போய்ப் பார், எல்லாம் வானத்தைத் தொடுகிற உயரமா? கோசி பே மணலுக்கு உயரம் வேண்டாம், காற்றைக் குறைக்க வேண்டும். 1.2 பார் வரை இறக்கு, கையோடு கம்ப்ரஸர் வைத்துக்கொள். எதை மாற்றினாலும் இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவி.

டோங்காட் வேலு
265/70 போட்டுப் போ, தப்பில்லை. அடுத்த வருஷம் நீயே லிஃப்ட் கடை தேடுவாய் பார்.

சாட்ஸ்வொர்த் பெரியவர்
எது போட்டாலும் நாலு வாங்காதே, ஐந்து வாங்கு. பின்னால் அடியில் தொங்கும் ஸ்பேர் இடத்தில் அந்த அளவு நுழைகிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடு.