முசலின் தலையில் பணிஸ் வைத்துப் படம் எடுப்பது வதையா?

குளக்கட்டு:
போன கிழமை எங்கள் வீட்டு முசல் பஞ்சுவின் தலையில் ஒரு பணிஸை வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். ரொரன்ரோவில் இருக்கிற மச்சாள் அதைப் பகிர, பிறகு யார் யாரோ பகிர, இப்போது கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி விற்கிற ஐயா கூட "பணிஸ் முசல் உங்கட வீட்டிலயா?" என்று கேட்கிறார். சந்தோசம்தான். ஆனால் படத்துக்குக் கீழே ஒருவர் "இது மிருகவதை" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஒரு பணிஸ் என்ன பாரம்? இது நான் கண்டுபிடித்த விளையாட்டும் இல்லை. யப்பானில் ஹொக்கைடோவில் ஊலோங் என்றொரு முசல் இருந்தது. இரண்டு சின்னப் பான்கேக்குக்கு நடுவே பயற்று இனிப்பு வைத்துச் செய்கிற தொரயாகி என்ற பலகாரத்தை அதன் தலையில் வைத்து எடுத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. யப்பான்காரர் செய்தால் கலை, வன்னியில் ஒருத்தன் செய்தால் வதையா?

புளியடி:
அதை எழுதியது நான் இல்லை, ஆனால் நான் கண்டிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். பாரம் இங்கே பிரச்சினை இல்லை தம்பி. முசல் அசையாமல் இருந்ததால் அதற்குப் பிடித்திருக்கிறது என்று எப்படி முடிவெடுத்தீர்கள்? நாய் பயந்தால் குரைக்கும், பூனை கீறும், முசல் அப்படியே உறைந்துபோய்விடும். மற்றப் பிராணிகள் பிடித்துத் தின்னுகிற சாதி அது, அசைந்தால் உயிர் போய்விடும் என்பது அதன் உடம்பிலேயே ஊறியது. கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் உயரத்தில் இருப்பது எதற்கு? பின்னாலும் மேலேயும் பார்க்கத்தான். மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்ச இடம்தான் அதற்குத் தெரியாது. பருந்து வருகிற பக்கத்தால் நீங்கள் கையை நீட்டி எதையோ வைக்கிறீர்கள். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காது இரண்டும் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, உடம்பு தரையோடு அமுங்கியிருக்கிறது, கண்ணில் வெள்ளை தெரிகிறது. அதை "போஸ்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கச்சான்கடை:
முறிகண்டியில் இருந்து ஒரு யோசனை. பணிஸை இறக்கிவிட்டு மிளகாய்த்தூளும் உப்பும் தடவினால் இரண்டு பேருக்கும் சண்டை முடிந்துவிடும். இரவில் ரோச் லைற்றோடு பத்தைக்குள் முசல் தேடின சனத்தின் பேரப்பிள்ளைகள், இன்றைக்கு அதன் மனநிலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். முன்னேற்றம்தான், என்ன?

புளியடி:
அண்ணை, அது காட்டு முசல், சாதியே வேறு. அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டில் வளர்க்கிறதன் குட்டிக்குப் பிறக்கும்போது மயிரும் இல்லை, கண்ணும் திறக்காது. கறிக்கதையை வேறு இடத்தில் வையுங்கள்.

ஓமந்தைப் பொடியன்:
ஊலோங்கைப் பற்றி இரண்டு பக்கமும் அரைகுறையாகக் கதைக்கிறீர்கள். அது பிறந்தது 1994 யூலையில், செத்தது 2003 சனவரியில். எட்டரை வருசத்துக்குக் கொஞ்சம் குறைவு, வீட்டு முசலுக்கு மோசமான வயது இல்லை. வளர்த்தவர் அதைத் தன் இணையப் பக்கத்துக்காக ஓயாமல் படம் எடுத்தவர், தலையில் ஒன்றும் இல்லாமல் புல்வெளியில் திரிகிற படங்களும் அதற்குள் இருக்கின்றன. நாங்கள் பார்த்தது பலகாரப் படத்தை மட்டும்தான். இன்னொன்று, பேஸ்புக் 2004, யூரியூப் 2005, இன்ஸ்ரகிராம் 2010. இந்த மூன்றும் வருவதற்கு முன்பே அந்த முசல் செத்துவிட்டது. விருப்பக்குறி எண்ணுவதற்காக அந்த மனிசன் அதைச் செய்திருக்க வழியே இல்லை. 2001 அளவில் மற்ற நாட்டுச் சனம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது வன்னியில் எங்களுக்குக் கரண்டே இல்லை, மண்ணெண்ணெய்க்கே தட்டுப்பாடு. போரால் மூடிக் கிடந்த ஏ9 வீதி 2002 இல் திறந்த பிறகும் கனகாலம் இந்தப் பக்கம் யாரும் அந்தப் படத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். (கண்டிருந்தாலும் முசலைப் பார்த்திருக்க மாட்டார்கள், பலகாரத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.)

என் கருத்து: அவரும் அந்த முசலும் வருசக்கணக்காக ஒன்றாக இருந்து பழகினவர்கள். முசலால் ஒரு நொடியில் தலையை ஆட்டி விழுத்த முடியும். விழுத்தவில்லை என்றால் அதற்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

புளியடி:
விழுத்தாத நொடியைத்தானே படம் எடுத்தார்கள் தம்பி? விழுத்தின நொடியை யார் போடப்போகிறார்கள்? சரி, ஊலோங் பழகின முசல் என்றே வைத்துக்கொள்வோம். குளக்கட்டு, நீங்கள் பஞ்சுவை வாங்கி எவ்வளவு காலம்?

குளக்கட்டு:
தைப்பொங்கலுக்குப் பிறகு வாங்கினது. பழகிவிட்டது, கைக்குள் வந்து படுக்கும். காது ஒட்டிக் கிடந்தது வெயிலுக்காகவும் இருக்கலாம். படம் எடுத்து முடிய அந்தப் பணிஸில் ஒரு துண்டைக் கொடுத்தேன், ருசித்துச் சாப்பிட்டது. பயந்த பிராணி சாப்பிடுமா?

புளியடி:
கடவுளே. பணிஸைக் கொடுத்தும் விட்டீர்களா? முசலின் குடல் புல்லுக்காகச் செய்தது. மாவும் சீனியும் போனால் உள்ளே புல்லைப் புளிக்கவைத்துச் செரிக்கிற கிருமிகள் குழம்பிப்போகும், வயிறு ஊதும், முசலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அரை நாள் ஒன்றும் தின்னாமல் ஒரு மூலையில் குந்தியிருந்தால் மிருக வைத்தியரிடம் ஓட வேண்டிய கேஸ். கரட்டே இனிப்பு என்று அளவாகத்தான் கொடுக்க வேண்டும், இதற்குள் பணிஸ்!

வெயிலுக்காக இருக்கலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஹொக்கைடோவில் பனி கொட்டும். இங்கே 33, 34 பாகை அடிக்கிற நாளில் முசலுக்கு வியர்க்காது, காதால்தான் சூட்டை வெளியே விட வேண்டும். 30க்கு மேலே போனாலே அது தவிக்கத் தொடங்கும். படத்தில் பின்னால் தெரிகிற கூட்டுக்குக் கூரை தகரம். எனக்குப் பணிஸைவிட அதுதான் ஆத்திரம்.

மற்றது, உங்கள் படம் வந்த பிறகு எங்கள் ஒழுங்கையில் ரியூசன் பொடியள் இரண்டு பேர் பக்கத்து வீட்டு முசலைக் காதில் பிடித்துத் தூக்கித் தலையில் சவர்க்காரக் கட்டி வைத்துப் படம் எடுத்தார்கள். பின்னங்காலைத் தாங்காமல் தூக்கினால் அது உதறுகிற உதறலில் அதன் முதுகெலும்பே முறியலாம். ஊலோங்கை வளர்த்தவருக்கு இருந்த பொறுமை, பார்க்கிற பொடியளுக்கு இருக்குமா?

ஓமந்தைப் பொடியன்:
பொடியள் செய்ததற்கு ஊலோங்கும் பஞ்சுவும் என்ன செய்யும் அக்கா? படமே போடக்கூடாது என்றால் மாட்டுவண்டிச் சவாரிப் படத்தையும் நிறுத்த வேண்டும்.

புளியடி:
நிறுத்தத்தான் வேண்டும். அதற்கு இன்னொரு திரி திறவுங்கள், வருகிறேன்.

கச்சான்கடை:
அந்த யப்பான் முசல் படத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுத் திரிந்தார்கள், "நீ என்ன சொல்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை, ஆகவே இதோ தலையில் பான்கேக் வைத்த முசல்" என்று. விவாதம் முற்றினால் அதைக் கொண்டுவந்து ஒட்டுவார்களாம். இப்போது ஒட்டலாமா?

புளியடி:
ஒட்டுங்கள். ஆனால் குளக்கட்டு பதில் சொல்லட்டும்.

குளக்கட்டு:
பணிஸ் இனிக் கொடுக்கவில்லை, கினிப்புல்லும் முருங்கை இலையும்தான். கூரைக்கு மேலே போடக் கிடுகு ஐம்பது சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும். படத்தை அழிக்கச் சொன்னால் அழிக்க மாட்டேன். தலையில் வைப்பது வதை என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை அக்கா, அடுத்த முறை விடிகாலைக் குளிரில் வீடியோவாக எடுத்துப் போடுகிறேன், விழுத்தினால் விழுத்துவதும் அதில் வரும்.

புளியடி:
வெட்டாமல் போடுங்கள். காதைத்தான் பார்ப்பேன்.