முதலில் கூரை, அப்புறம்தான் பேட்டரி: பழைய கேரவன் வேன் வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

மஞ்சக்குப்பம் வேன்காரன்:

2009 மாடல் டெம்போ டிராவலர், குட்டை வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, தலை இடிக்காமல் நிற்க உயர்த்திய ஃபைபர் கூரை எல்லாம் ஏற்கனவே போட்டிருந்தார்கள். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கிய கையோடு சோலார் பேனல் மாட்டினேன், அதற்காகக் கூரையில் எட்டு ஓட்டை. கண்ணாடி ஒட்டுகிற சாதாரண சிலிகானை அந்த ஓட்டைகளில் அப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று இரண்டு வருடம் மேலே ஏறியே பார்க்கவில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது. மழை விட்டதும் கதவைத் திறந்தால் மெத்தை ஊறிக் கிடக்கிறது, மேல் பிளைவுட் நனைந்த அப்பளம் மாதிரி தொங்குகிறது. புயல் கெடுத்துவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய் என்று பிறகுதான் தெரிந்தது.

வழக்கமாகப் பார்க்கும் டிங்கர், "தகரம் என்றால் நான் பார்ப்பேன் சார், இது படகுக்காரங்க வேலை" என்று கையை விரித்துவிட்டார். தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடும் ஒரு அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஏணி வைத்து ஏறி, ஒரு ரூபாய் காசால் கூரையைத் தேங்காய் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிக்கொண்டே போனார். டங் என்று கேட்டால் நல்ல இடமாம், டொப் என்று அமுங்கிக் கேட்டால் உள்ளே இருக்கும் பலகை ஊறிப்போய்விட்டதாம். டொப் கேட்ட இடமெல்லாம் சாக்பீஸால் வளைத்தார். ஓட்டையைச் சுற்றி ஒன்றரை அடி வரைக்கும் போயிருந்தது. "இது ஒரு நாள் மழையில் வந்ததில்லை தம்பி. கடலில் ஓடுற படகுக்கே நாங்க இத்தனை ஓட்டை போட மாட்டோம்."

நான் போட்ட சிலிகான், ஒட்டும்போது காடி வாசம் வரும் வகை. காயும்போது அமிலம் விடும், இரும்பைத் தின்னும். ஸ்க்ரூவைக் கழற்றினால் தலை மட்டும் கையோடு வருகிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் வெளி வேலைக்கு பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள், விலை அதிகம்தான்.

ஊறிய பலகையை வெட்டி எடுத்துவிட்டு ஒரு வாரம் வெயிலில் காயவிட்டார். நான் அவசரப்பட்டேன், அவர் காதிலேயே வாங்கவில்லை. அப்புறம் பழைய ஃபைபரைக் கிரைண்டரால் நன்றாகச் சொரசொரப்பாக்கி (மழமழவென்று இருந்தால் புதுசு பிடிக்காது, தோலாக உரிந்து வரும்), கண்ணாடி இழை மேட் வைத்து ரெசின் (இறுகிக் கல்லாகும் பிசின்) தடவி, அடுக்கு மேல் அடுக்கு. எல்லாம் காலை ஒன்பது மணிக்குள். வெயில் ஏறினால் ரெசின் டப்பாவிலேயே கல்லாகிவிடும். ரெசின் இறுகுவதற்காக அதில் தனித்தனியாகச் சேர்க்கும் கோபால்ட் பாட்டில் ஒரு மூலையில், கேட்டலிஸ்ட் பாட்டில் எதிர் மூலையில். இரண்டும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும் என்பதால் என்னை அந்தப் பக்கமே விடவில்லை. வீட்டில் செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

பேனலைத் திரும்ப மாட்டியதுதான் எனக்குப் பாடம். எட்டுக்குப் பதில் நாலே போல்ட். போல்ட்டை விடப் பெரிய ஓட்டையாகப் போட்டு, அதை ரெசினால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் போல்ட் அளவுக்கு மறுபடி ஓட்டை. இப்படிச் செய்தால் சீலன்ட் என்றைக்காவது விட்டுப்போனாலும் தண்ணீர் பலகையைத் தொடாது.

லித்தியம் பேட்டரிக்கு எடுத்து வைத்திருந்த பணம் மொத்தமும் கூரைக்குப் போனது. வருத்தமில்லை என்று சொன்னால் வீட்டம்மா சிரிப்பார்.

அரியாங்குப்பத்தார்:

பேட்டரி வாங்காமல் தப்பித்தீர்கள் என்றே சொல்வேன். நான் பழைய டியூப்ளரை (ஆசிட் ஊற்றும் ஈய பேட்டரி) கழற்றிவிட்டு அதே ஒயரில் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி வைத்தேன். கணக்கு சரிதான், 150 ஆம்பியர்-ஹவர் டியூப்ளரில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், லித்தியத்தில் 80, 90 சதவீதம் தைரியமாக எடுக்கலாம். ஆனால் டியூப்ளர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், லித்தியம் டைனமோ கொடுப்பதையெல்லாம் ஒரே மூச்சில் இழுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும்போது மரக்காணம் தாண்டவில்லை, டைனமோ கருகிவிட்டது. வண்டி மெதுவாக ஓடும்போது டைனமோவின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடு எங்கே போகும்?

இப்போது டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில், 30 ஆம்பியருக்கு மேல் இழுக்க விடாத டிசி டு டிசி சார்ஜர் இருக்கிறது. அதிலும் ஒரு கூத்து. ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி முதலில் வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரை இழுத்துவிட்டார். போக வர 10 மீட்டர், 30 ஆம்பியர், 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது, ஒயர் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது. 10 ஸ்கொயர் எம்எம் போட்டதும் இழப்பு அரை வோல்ட் அளவுக்கு வந்தது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒயரின் மறுகோடியில் இருந்தால் பயனில்லை.

பலாப்பழ ஊர்:

ரொம்பப் பேச எனக்கு ஒன்றுமில்லை. டயரைப் பாருங்கள். கேரவன் வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், பட்டன் தேயவே தேயாது, ரப்பர் மட்டும் கிழடாகிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014-இல் 23-வது வாரம் செய்தது. என் வண்டியில் அதைத்தான் பார்த்தேன், நெய்வேலி ரோட்டில் வெடித்த பிறகு.

மஞ்சக்குப்பம் அண்ணா, இரண்டு கேள்வி. 15 வருடம் முடிந்துவிட்டதே, ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பித்தீர்களா? கேஸ் சிலிண்டர் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

மஞ்சக்குப்பம் வேன்காரன்:

ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று தம்பி. முன்பு வைத்திருந்தவர் கேரவனாக மாற்றியதை முறைப்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருந்தார், அதனால் தப்பித்தேன். பதிவில் இல்லாமல் உள்ளே கட்டில் போட்ட வண்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஐந்து கிலோ சிலிண்டர்தான். வெளியிலிருந்து திறக்கும் பெட்டியில் இருக்கிறது, அடித்தட்டில் இரண்டு துளை உண்டு. வாங்கியபோது காற்றுத் துளை மேலே இருந்தது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், மேலே துளை வைத்து என்ன செய்ய!

நேற்று ராத்திரி இங்கே நல்ல மழை. காலையில் உள்ளே எல்லாம் காய்ந்துதான் இருந்தது, இருந்தாலும் மனசு கேட்கவில்லை, ஒரு ரூபாய் காசோடு ஏணியில் ஏறினேன். பேனல் சுற்றி எல்லாம் டங். பின் ஏணி மாட்டியிருக்கும் மூலையில் ஒரு கையகலத்துக்கு டொப். அந்த ஸ்க்ரூக்கள் நான் போட்டவை இல்லை, வண்டியோடு வந்தவை. சாக்பீஸ் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் போகணும்.