வயிற்றுவலி என்று வந்து நிற்கும் பிள்ளை: உயர்நிலை வகுப்புகளில் பார்த்ததும் கையாண்டதும்

கிளாஸ் டீச்சர் ஒருவர்:

அட்டென்டன்ஸ் நோட்டிலிருந்து தொடங்குகிறேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, "இவன் மூணு நாள் லீவு" என்று மூடி வைத்துவிடுகிறோம். அந்தக் கூட்டுத்தொகையால் பெரிய பயன் இல்லை. எந்தெந்த நாள் என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஒரு பிள்ளையின் வரிசையை மட்டும் ஆறு வாரத்துக்கு விரல் வைத்து ஓட்டிப் பாருங்கள். திங்கட்கிழமையும் விடுமுறை முடிந்த மறுநாளும் விழுந்திருந்தால் தூக்கமாக இருக்கலாம், வீட்டை விட்டுக் கிளம்பும் பயமாகவும் இருக்கலாம். வாராவாரம் புதன் என்றால் புதன்கிழமை டைம்டேபிளை எடுத்து வையுங்கள். பி.டி. பீரியடுக்கு உடை மாற்றும் அறையோ, "நீங்களே குரூப் பிரிச்சுக்கோங்க" என்று விடும் லேபோ, எழுந்து நின்று வாசிக்க வேண்டிய மொழிப்பாடமோ அன்றைக்கு இருக்கும்.

பல நாடுகளில் வேலை நாட்களில் 10 சதவீதத்தைத் தொட்டாலே தொடர் விடுப்பு என்று கணக்கு வைக்கிறார்கள். மாதம் 20 நாள் என்றால் 2 நாள்தான். நமக்கோ பத்து நாள் போனால்தான் உறைக்கிறது.

முழு லீவைவிட முந்தி வருபவை சில உண்டு. தினமும் பத்து நிமிடம் தாமதம், ஒரே பீரியடில் கழிப்பறைக்கு அனுமதி, வாரம் இரண்டு முறை சிக் ரூம். இவை அட்டென்டன்ஸில் ஏறாது. நோட்டின் பின்பக்கம் தேதியும் பீரியட் எண்ணும் மட்டும் குறித்துவைத்தால் போதும்.

கூப்பிட்டுப் பேசும்போது "ஏன் வரல?" என்று ஆரம்பித்தால் "உடம்பு சரியில்ல சார்" என்ற பதில் தயாராக இருக்கும். பேச்சு அதோடு முடிந்தது. "நேத்து உன் இடம் காலியா இருந்துச்சு. இந்த வாரம் எப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஏழெட்டு விநாடி மௌனம் நமக்குத்தான் கஷ்டம், பிள்ளைக்கு அது யோசிக்கும் நேரம். எதிரே உட்கார வைப்பதைவிட, ஒரு கட்டு நோட்டைக் கையில் கொடுத்துக் கூடவே நடந்தால் வாய் சுலபமாகத் திறக்கும். முகம் பார்க்க வேண்டாம் அல்லவா. பெல் அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள். பாதியில் நின்ற பேச்சை மறுபடி எடுப்பது, புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினம்.

சிக் ரூம் பொறுப்பில் இருப்பவர்:

வயிற்றுவலியை நடிப்பு என்று சொல்லாதீர்கள். பதற்றத்தில் குடல் நிஜமாகவே இழுத்துப் பிடிக்கும். வருகிற ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுதிவைக்கிறோம்: மணி, எந்தப் பீரியடிலிருந்து வந்தது, காலையில் சாப்பிட்டதா, இரவு எத்தனை மணிக்குப் படுத்தது. மூன்று வாரம் ஆனால் பக்கத்தைப் பார்த்தே புரிந்துவிடும். வாரநாளில் காலை 9.40க்கு வந்து, 10.30க்குத் தானே சரியாகி, சனி ஞாயிறில் எட்டிப் பார்க்காத வலி என்றால் அந்த 9.40 பீரியடில் தேடுங்கள். அதேசமயம் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, வாந்தியில் அல்லது மலத்தில் ரத்தம், காய்ச்சல் என்றால் மனசைப் பற்றிய பேச்சே வேண்டாம், நேராக டாக்டர்.

பரீட்சை ஹாலில் மூச்சு வாங்கி நிற்பது இன்னொன்று. திடீர்ப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அரை மணிக்குள் இறங்கிவிடும். செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, இரு பாதமும் தரையில் பதியும்படி உட்கார வையுங்கள். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று எல்லோரும் சொல்வது தப்பு. ஏற்கெனவே அளவுக்கு மீறி மூச்சு விட்டதால்தான் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போயிருக்கும். அதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதி பயம் போகும்: "கை மரத்துப்போறது மூச்சால, மூச்சு நிதானமானா சரியாயிடும்." காகிதப் பையை முகத்தில் வைக்கும் பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம், ஆஸ்துமாவாக இருந்தால் ஆபத்து. முதல் தடவை என்றாலோ, நெஞ்சுவலி, மயக்கம், இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை என்றாலோ பீதிதான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

தணிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. ஓடினால்தான் தப்பினோம் என்று மூளை பதிந்துகொள்ளும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் வரும். முடிந்தவரை அதே பீரியடுக்குள், கதவோர இருக்கைக்கு, கடைசி ஐந்து நிமிடத்துக்காவது திரும்பக் கொண்டுபோய் விடுங்கள்.

பள்ளி கவுன்சிலர்:

மேலே சொன்ன பிள்ளைகள் எங்கள் அறைக்கு வரும்போது முதல் வாக்கியமே ரகசியம் பற்றியதாக இருக்க வேண்டும். கதை பாதி வந்த பிறகு சொன்னால் மாட்டிவிட்டது போல ஆகிவிடும். "நீ சொல்றது இந்த அறையோட இருக்கும். ஆனா உன் உயிருக்கு ஆபத்து, நீ இன்னொருத்தருக்கு ஆபத்து, உன்னை யாராவது துன்புறுத்துறாங்க, இந்த மூணுல ஒண்ணு இருந்தா நான் உதவி கூப்பிடுவேன். கூப்பிடறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்வேன்." இதைச் சொன்னால் வாய் மூடிக்கொள்வார்கள் என்று பயப்படுகிறோம். சிலர் மூடிக்கொள்வார்கள்தான். இரண்டாவது வாரம் வந்து சொல்வார்கள்.

அறை பற்றி ஒரு வார்த்தை. கதவில் கண்ணாடி இருக்கட்டும், நாற்காலிகள் நேருக்கு நேராக இல்லாமல் சற்றுத் திரும்பி இருக்கட்டும், வழியை மறித்துக்கொண்டு நாம் உட்கார வேண்டாம். வாராவாரம் ஒரே பீரியடில் கூப்பிட்டால் அந்தப் பாடம் பாழாகும், "எங்கடா போற?" என்று வகுப்பும் கேட்கும். பீரியடை மாற்றிக்கொண்டே வாருங்கள். அவனுக்குப் பிடித்த பாடத்தில் கை வைக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேட்க வேண்டும்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. "தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி. ஆமாம் என்றால் எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறதா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். தனியே விடக் கூடாது, வகுப்புக்குத் திருப்பி அனுப்பவும் கூடாது. அன்றைக்கே பாதுகாப்பான பெரியவர் ஒருவர் நேரில் வந்து கூட்டிப்போக வேண்டும். மனநல மருத்துவரிடம் அன்றே போக ஏற்பாடு செய்யுங்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். "இனி அப்படிச் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்குவது வேலைக்கு ஆகாது. அந்தத் தாள் நமக்குத்தான் நிம்மதி.

பதிவு எழுதும்போது பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே மேற்கோளில். "மாணவி மனச்சோர்வுடன் காணப்பட்டார்" என்பது நம் தீர்ப்பு. "ராத்திரி ஆனா எதுவுமே வேணாம்னு இருக்கு" என்பது அடுத்துப் பார்க்கிறவருக்கு உதவும் தகவல்.

விடுதிப் பொறுப்பும் உண்டு, பாடமும் எடுக்கிறேன்:

தூக்கத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகும். பத்து மணிக்குப் படுத்தும் தூக்கம் வராமல் புரள்வதெல்லாம் சோம்பேறித்தனத்தில் சேராது. பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதற்கு முன் நம் பக்கம் சரிசெய்ய நிறைய இருக்கிறது. ஆன்லைனில் வீட்டுப்பாடம் சமர்ப்பிக்க 11.59 என்று வைத்தால் 11.58 வரை விழித்திருக்க நாமே அனுமதி கொடுத்ததாகும். மாலை 7 என்று வையுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எட்டு மணிக்குப் பிறகு ஆசிரியர் செய்தி போடக் கூடாது. ஸ்டாஃப் ரூம் சுவரில் வகுப்புக்கு ஒரு மாதத் தாள் ஒட்டி, டெஸ்ட் வைக்கிறவர் முதலில் அதில் எழுத வேண்டும், ஒரு நாளுக்கு இரண்டு கட்டம்தான். மூன்றாவது ஆள் வேறு நாள் பார்த்துக்கொள்ளட்டும். இதற்கு ஸ்டாஃப் ரூமில் நடக்கும் சண்டை இருக்கிறதே, அது தனிக் கதை.

பி.டி. ஆசிரியர்:

கேலி, அடாவடிக்கு வருகிறேன். 1970களிலிருந்தே இதை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஒல்வேயஸ் மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவனிடம் செய்வது. மூன்றாவது இல்லையென்றால் அது வெறும் சண்டை, இருவரையும் உட்கார வைத்துப் பேசலாம். மூன்றும் இருந்தால் எதிரெதிரே உட்கார வைத்து "கை குடுங்கடா" என்பது கொடுமை. அறைக்கு வெளியே என்ன நடக்கும் என்று பாதிக்கப்பட்டவனுக்குத் தெரியும், அதனால் உங்கள் முன் தலையாட்டிவிட்டுப் போவான்.

நாலு பேர் சம்பந்தப்பட்டிருந்தால் நாலு பேரையும் ஒரே நேரத்தில், நாலு அறையில், நாலு ஆசிரியர்கள் எழுதி வாங்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டால் இரண்டாவது ஆளிடம் கதை ரெடியாக இருக்கும். பாதிக்கப்பட்டவனிடம் மறுபடி கேட்பது இரண்டு நாள், இரண்டு வாரம், ஆறு வாரம் என்று மூன்று முறை. நடுவில் நின்றுவிட்டால் பழையபடி ஆரம்பிக்கும்.

எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க, பள்ளியின் வரைபடத்தை ஒரு தாளில் நகலெடுத்து, பெயர் போடாமல், "நிற்கப் பிடிக்காத இடத்துல ஒரு புள்ளி வை" என்று கொடுங்கள். நாற்பது தாளின் புள்ளிகளையும் ஒரே தாளில் குறித்துப் பார்த்தால் கழிப்பறை வாசல், மாடிப்படி திருப்பம், சைக்கிள் நிறுத்தும் இடத்தின் பின்புறம் என்று கொத்துக் கொத்தாகத் தெரியும். இடைவேளைக் கண்காணிப்பு அங்கேதான் வேண்டும். இரண்டு பேர் டியூட்டி என்றால் இருவரும் ஒரே மர நிழலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பிரிந்து, நேரம் மாற்றி மாற்றி நடக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காகச் சுற்றினால் அந்த ஒழுங்கைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போனில் அந்தரங்கப் படம் சுற்றுகிறது என்றால் ஆதாரத்துக்கு என்று அதை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். பார்க்கவும் வேண்டாம், நகலெடுக்கவும் வேண்டாம். போனைத் தனியே வைத்து, சட்டப்படி சொல்ல வேண்டியவரிடம் சொல்லுங்கள்.

பள்ளிக்கே வர மறுத்தவர்களைத் திரும்பக் கொண்டுவரும் பணியில் இருப்பவர்:

முதல் இரண்டு வாரத்துக்குள் தொட்டுவிட்டால் சுலபம். தள்ளத் தள்ள வீடு பழகிவிடும். திங்கட்கிழமை முழு நாள் என்று ஆரம்பிப்பவர்கள் தோற்கிறார்கள். முதல் மூன்று நாள் நூலகத்தில் ஒரு மணி நேரம். அடுத்து, பயமில்லாத ஒரு பாடம், பிறகு அதோடு ஒட்டிய இடைவேளை, பிறகு அரை நாள். வாசலில் கூட்டிப் போகிறவர் இரண்டு வாரத்துக்கு ஒரே ஆள். பெற்றோர் ஒரு நிமிடத்துக்குள் விடைபெற்றுக் கிளம்ப வேண்டும். கேட் ஓரம் நின்று எட்டிப் பார்த்தால் அன்றைக்குத் திரும்பிப் போவது நிச்சயம்.

விட்டுப்போன நோட்டு எல்லாவற்றையும் எழுதச் சொல்லாதீர்கள். அந்தக் குவியலே மறுபடி வராமல் இருக்கக் காரணமாகிவிடும். அடுத்த பாடத்துக்கு இல்லாமல் முடியாது என்பதை மட்டும் இரண்டு பக்கத்தில் கொடுங்கள். "எங்கடா போயிருந்த?" என்று கேட்பவனுக்கு ஒரு வரி பதிலை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடுங்கள்: "உடம்பு சரியில்ல, இப்ப பரவால்ல. இன்னிக்கு என்ன டெஸ்ட்?" கேள்வியை அவன் பக்கமே திருப்பிவிடும் அந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம்.

ஒரு நல்ல வாரம் வந்ததும் ஆசையில் இரண்டு படி ஏற்றிவிடுவோம். வேண்டாம். நீண்ட விடுமுறைக்குப் பிறகு ஒரு படி கீழிறங்கித்தான் தொடங்க வேண்டும், முழுதாகத் தேறியவனுக்கும்கூட.

இன்னொரு கிளாஸ் டீச்சர்:

எல்லாம் சரி, நாற்பது பேரை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: நாற்பது பேரிடமும் ஒரே நாளில் வேண்டியதில்லை. ஒரு பிள்ளை, தினம் இரண்டு நிமிடம், தொடர்ந்து பத்து பள்ளி நாள். படிப்பு, மார்க், ஒழுக்கம் மூன்றையும் அந்த இரண்டு நிமிடத்தில் தொடக் கூடாது. அவன் பையில் தொங்கும் சாவிக்கொத்து பற்றிப் பேசுங்கள், போதும். முதல் மூன்று நாள் "ம்", "இல்ல" என்றுதான் வரும். அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

யாரை எடுப்பது என்று தெரியாவிட்டால், "குரூப் வேலைக்கு யாரோட சேர விருப்பம், மூணு பேர் எழுது" என்று ஒரு சீட்டு. யார் சீட்டிலும் வராத பெயர்தான் உங்கள் ஆள். யாரைப் பிடிக்காது என்று எழுதச் சொல்லாதீர்கள், அது மதியத்துக்குள் வெளியே வந்துவிடும். அவனை வகுப்பின் நாயகன் பக்கத்தில் உட்கார வைப்பதும் பலிக்காது. அவன் சீட்டில் எழுதிய மூன்று பேரில் அமைதியானவன் யாரோ அவன் பக்கத்தில். சீட்டுகளை அன்றைக்கே கிழித்துவிடுங்கள், மேசை இழுப்பறையில் வைக்க வேண்டாம். மானிட்டர் சாக்பீஸ் தேடித் திறப்பான்.